எலினோரும் மரியானும்: ஆஸ்டினின் முதல் நாவலைப் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு

ஜேன் ஆஸ்டினின் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யைப் பற்றி யாரிடம் கேட்டாலும், அக்கா எலினோர் அறிவு, தங்கை மரியான் உணர்ச்சி என்று சொல்லி முடித்துவிடுவார்கள். இந்த எண்ணத்தோடு புத்தகத்தைத் திறப்பவருக்கு ஒரு சங்கடம் வரும். எலினோர் வாயைத் திறக்கும் முன்பே அவள் சொல்லப்போவது தெரிந்துவிட்டதுபோல இருக்கும். மரியான் அழத் தொடங்கினால், ‘சரி, ஆரம்பித்துவிட்டாள்’ என்று பக்கத்தைத் தள்ளத் தோன்றும். ஆனால் முதல் அத்தியாயத்தின் கடைசிப் பத்திகளிலேயே ஆஸ்டின் இந்தப் பாகப்பிரிவினையை உடைத்துவிடுகிறார். எலினோரின் உணர்ச்சிகள் வலிமையானவை, அவற்றை ஆளத் தெரிந்தவள் என்கிறார். மரியான் அறிவிலும் கெட்டிக்காரத்தனத்திலும் பல வகையில் அக்காவுக்குச் சமம் என்கிறார். அளவு என்ற ஒன்றுதான் அவளிடம் கிடையாது. ஆக, இருவரிடமும் இரண்டும் இருக்கின்றன. யார் எதை வெளியே விடுகிறார், எதை யாருக்காக உள்ளே வைத்துக்கொள்கிறார் என்று பின்தொடர்ந்தால் நாவல் தானாகத் திறந்துகொள்ளும். அதற்கான வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

கதையைத் தொடாமல் இதை எழுத முடியாது. முடிவு தெரியக்கூடாது என்பவர்கள் முதல் படியை மட்டும் படித்துவிட்டு நாவலுக்குப் போகலாம். மிச்சத்தைப் பிறகு வந்து பார்த்துக்கொள்ளலாம்.

படி 1: பிரதியும் அத்தியாய எண்ணும்

நாவல் 1811 அக்டோபர் இறுதியில் லண்டனில் தாமஸ் எகர்ட்டன் பதிப்பில் மூன்று தொகுதிகளாக வந்தது. விலை 15 ஷில்லிங். ஆசிரியர் பெயர் இல்லை. ‘ஒரு சீமாட்டி எழுதியது’ என்று மட்டும் போட்டிருந்தார்கள். நஷ்டம் வந்தால் ஆஸ்டின்தான் தாங்கவேண்டும் என்பது ஏற்பாடு. நஷ்டம் வரவில்லை. 1813க்குள் முதல் பதிப்பு விற்றுத் தீர்ந்து, அவர் கைக்கு 140 பவுண்டு வந்தது. அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே, இருபது வயதை ஒட்டிய காலத்தில், ‘எலினோரும் மரியானும்’ என்ற பெயரில் இதைக் கடிதங்களாக எழுதியிருந்தார் என்று குடும்பத்தார் சொல்லியிருக்கிறார்கள். முடிந்த நாவலிலும் கடிதங்கள்தான் பெரிய இடிகளை இறக்குகின்றன.

காப்புரிமை காலாவதியானதால் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. லிப்ரிவாக்ஸில் ஒலிவடிவமும் உண்டு. ஆங்கில வாக்கியங்களின் நீளம் மிரட்டினால் முதல் ஐந்து அத்தியாயங்களைக் கேட்டுக்கொண்டே படியுங்கள். வம்பளக்கும் விதவை திருமதி ஜென்னிங்ஸ் மூச்சுவிடாமல் பேசும் இடங்கள் காதில் விழுந்தால்தான் ருசி.

ஒரு சின்னச் சிக்கல் உண்டு. சில பதிப்புகளில் அத்தியாயங்கள் 1 முதல் 50 வரை தொடர்ந்து ஓடும். சிலவற்றில் ஒவ்வொரு தொகுதியிலும் மறுபடி 1இலிருந்து தொடங்கும். உங்களுடையது இரண்டாம் வகை என்றால், இரண்டாம் தொகுதி எண்ணோடு 22ஐயும் மூன்றாம் தொகுதி எண்ணோடு 36ஐயும் கூட்டிக்கொள்ளுங்கள். இங்கே நான் தரும் எண்கள் எல்லாம் தொடர் எண்கள்.

படி 2: யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள்

‘மிஸ் டாஷ்வுட்’ என்றால் எலினோர். மூத்த மகளுக்கு மட்டுமே குடும்பப் பெயர் தனித்து வரும். இளையவள் ‘மிஸ் மரியான்’. இதே கணக்கில் ‘மிஸ் ஸ்டீல்’ என்பவள் நான்சி, தங்கை வெறும் லூசி. ‘மிஸ்டர் ஃபெரர்ஸ்’ என்றால் மூத்தவன் எட்வர்ட், எலினோர் விரும்புகிறவன். தம்பி ‘மிஸ்டர் ராபர்ட் ஃபெரர்ஸ்’. இது வெறும் மரியாதை விவகாரம் என்று விட்டுவிடாதீர்கள். 47ஆம் அத்தியாயத்தில் ஒரு வேலைக்காரர் ‘மிஸ்டர் ஃபெரர்ஸுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது’ என்று சொல்லும்போது எலினோரின் உயிரே அந்த முன்னொட்டில்தான் தொங்குகிறது.

முதல் அத்தியாயங்களில் ஜான் டாஷ்வுட்டின் ‘மதர்-இன்-லா’ என்று வருவது அவன் மாமியார் என்று நினைத்தால் குழம்பிப்போவீர்கள். அந்தக் காலத்து வழக்கில் அது அவன் சித்தி, அதாவது அப்பாவின் இரண்டாம் மனைவி. எலினோர், மரியான், மார்கரெட் மூவரும் அந்தச் சித்தியின் பெண்கள். ஜானுக்கு ஒன்றுவிட்ட தங்கைகளும் அல்ல, ஒரே தகப்பன் வழித் தங்கைகள்.

வயதையும் முதல் பக்கத்திலேயே குறித்துவையுங்கள். எலினோருக்கு 19, மரியானுக்கு இன்னும் 17 ஆகவில்லை, மார்கரெட்டுக்கு 13. மரியான் காதலிக்கும் வில்லபிக்கு 25, அவளை விரும்பும் கர்னல் பிராண்டனுக்கு 35. எலினோரை ஒரு நிதானமான நடுவயதுப் பெண்ணாகக் கற்பனை செய்துகொள்வதுதான் பெரும்பாலானவர்கள் செய்வது. அவள் பத்தொன்பது வயதுப் பெண், வீட்டுச் செலவைப் பார்க்கிறாள், அம்மாவுக்கே புத்தி சொல்கிறாள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் அவளுடைய அமைதி வேறு மாதிரித் தெரியும்.

படி 3: பணக்கணக்கை எழுதிக்கொள்ளுங்கள்

ஆஸ்டினைக் காதல் கதை எழுதியவர் என்று நினைத்து வருகிறவர்களுக்கு இரண்டாம் அத்தியாயம் நல்ல அடி கொடுக்கும். சசெக்ஸில் இருக்கும் நார்லண்ட் எஸ்டேட், கிழவர் ஒருவர் எழுதிவைத்த உயிலால், அண்ணன் ஜானுக்கும் அவனுடைய மழலை பேசும் சின்னப் பையனுக்கும் போய்விடுகிறது. விதவைக்கும் மூன்று பெண்களுக்கும் எல்லாம் சேர்த்து 10,000 பவுண்டு. அதிலிருந்து ஆண்டுக்கு 500 வரும். சாகும் தறுவாயில் இருந்த அப்பாவுக்கு, தங்கைகளைக் கவனித்துக்கொள்வதாக ஜான் வாக்குக் கொடுத்திருக்கிறான். ஆளுக்கு 1,000 கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறான். அங்கிருந்து அவன் மனைவி ஃபேனி, எட்வர்டின் அக்கா, பேசத் தொடங்குகிறாள்.

மூவாயிரம் பாதியாகிறது. பிறகு மொத்தமாக எதற்கு, சித்திக்கு ஆண்டுக்கு 100 கொடுப்போமே என்கிறான். ஆண்டுத்தொகை வாங்குகிறவர்கள் சாகவே மாட்டார்கள் என்று அவள் பயமுறுத்துகிறாள். பதினைந்து வருஷம் இருந்துவிட்டால் நாம் ஏமாந்தோம் என்கிறாள். சரி, எப்போதாவது ஐம்பது. அதுவும் போய், வீடு மாறும்போது சாமான் ஏற்ற உதவி, பருவத்துக்கு ஏற்ப மீனும் வேட்டைக்கறியும். கடைசியில், அவர்களுக்குப் போகும் பீங்கான் செட் நம்முடையதைவிட நன்றாக இருக்கிறதே என்ற வயிற்றெரிச்சல். ஒரு குரல்கூட உயரவில்லை; கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. குடும்பச் சொத்து எப்படிக் கைவிட்டுப் போகும் என்பதை இவ்வளவு அமைதியாக, இவ்வளவு சிரிப்போடு எழுதிய இன்னொரு அத்தியாயத்தை நான் படித்ததில்லை. நாவல் பிடிக்குமா பிடிக்காதா என்று சோதிக்க வேண்டுமானால் இதை மட்டும் படித்துப் பாருங்கள்.

ஆஸ்டினுக்கு இது கேள்விப்பட்ட விஷயம் அல்ல. 1805இல் தகப்பனார் இறந்தபின் அவரும் அம்மாவும் அக்கா கசாண்ட்ராவும் சகோதரர்கள் கொடுப்பதைப் பார்த்துத்தான் வாழ்ந்தார்கள். அண்ணன் எட்வர்ட் 1809இல் சாட்டன் கிராமத்தில் ஒரு வீடு கொடுத்த பிறகுதான் இந்த நாவல் அச்சுக்குப் போகும் வடிவம் பெற்றது.

ஒரு தாளில் இன்னும் சில எண்களை எழுதுங்கள். பிராண்டனுக்கு ஆண்டு வருமானம் 2,000. வில்லபிக்கு 600, 700; செலவு அதற்கு மேல். அவன் கட்டிக்கொள்ளும் மிஸ் கிரேயின் சீதனம் 50,000. எட்வர்ட் பாதிரியாராகப் போகும் டெலஃபோர்டில் கிடைப்பது 200. இனி 17ஆம் அத்தியாயத்துக்கு வாருங்கள். பணமா பெரிது என்று மரியான் கேட்கிறாள். பணக்காரத்தனம் வேண்டாம், போதுமான அளவு இருந்தால் போதும் என்கிறாள். அந்தப் ‘போதுமானது’ எவ்வளவு என்று விசாரித்தால் 1,800, 2,000 என்று வருகிறது. வேட்டைக் குதிரைகள் உட்பட. எலினோர் ‘பணக்காரத்தனம்’ என்று நினைத்ததே 1,000தான். பணத்தை வெறுக்கிறவளின் கனவுக்கு அதிகப் பணம் தேவைப்படுகிறது. சகோதரிகளின் குணவேறுபாட்டை ஆஸ்டின் இப்படி ஒரு தொகையில் பிடித்துக்காட்டுகிறார்.

எலினோரையும் அவர் விட்டுவைக்கவில்லை. கடைசியில் அவளும் எட்வர்டும் கையிருப்பைக் கூட்டிப் பார்க்கும்போது ஆண்டுக்கு 350 தேறுகிறது. அதை வைத்துக் குடித்தனம் நடத்திவிடலாம் என்று நம்பும் அளவுக்கு இருவருக்கும் காதல் பித்து இல்லை என்று ஒரு குத்து.

படி 4: நிச்சயத்தின் அடையாளங்கள்

மணமாகாத ஆணும் பெண்ணும் கடிதம் எழுதிக்கொண்டால் நிச்சயம் ஆகிவிட்டது என்றுதான் அந்தச் சமூகம் எடுத்துக்கொள்ளும். பெயர் சொல்லி அழைப்பதும், தலைமுடிக் கற்றையை வாங்கி வைத்துக்கொள்வதும் அப்படியே. வில்லபி ‘மரியான்’ என்று கூப்பிடுகிறான், கத்தரித்த முடியை முத்தமிட்டு மடித்து வைத்துக்கொள்கிறான், லண்டன் போனதும் அவள் அவனுக்குக் கடிதம் எழுதுகிறாள். எலினோரும் நாமும் முடிவுக்கு வந்துவிடுகிறோம். உண்மையில் வாக்கு எதுவும் கொடுக்கப்படவில்லை.

இன்னொரு விதி இதைவிட முக்கியம். வாக்குக் கொடுத்த ஆண் தானாக விலகினால் அவன் மானம் போயிற்று. பெண் விடுவித்தால்தான் உண்டு. எட்வர்ட், தான் ரகசியமாக வாக்குக் கொடுத்த லூசியை ஏன் உதறவில்லை என்று எரிச்சல்படுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். எட்வர்டின் விரலில் இருக்கும் மோதிரத்தில் யாருடைய முடி என்று 18ஆம் அத்தியாயத்தில் கவனித்துக்கொண்டே வாருங்கள். மரியான் பட்டென்று கேட்டுவிடுகிறாள், அவன் முகம் சிவந்து ஒரு பொய் சொல்கிறான், எலினோர் மனத்துக்குள் ஒரு தவறான முடிவுக்கு வந்து மகிழ்கிறாள்.

படி 5: குணப்பட்டியல் போடும் முறை

இங்கேதான் என் முக்கியமான யோசனை. பாத்திரங்களை அறிவு, உணர்ச்சி என்று இரண்டு வரிசையில் நிறுத்தாதீர்கள். இரண்டு கேள்விகள் கேளுங்கள்: உள்ளே என்ன இருக்கிறது? வெளியே எவ்வளவு வருகிறது?

எலினோர் அடக்குகிறாள், உள்ளே ஆழம். லூசி ஸ்டீலும் அடக்குகிறாள். நான்கு வருஷம் ஒரு ரகசிய நிச்சயத்தைக் காப்பாற்றுகிறாள், பல்லைக் கடித்துப் புன்னகைக்கிறாள், யாரிடம் எவ்வளவு சொல்லவேண்டும் என்று எடைபோட்டுப் பேசுகிறாள். சுயகட்டுப்பாட்டில் எலினோருக்கு அவள் ஒரு படி கூடத்தான். ஆனால் உள்ளே இருப்பது கணக்கு. திருமதி ஜென்னிங்ஸின் மகள் லேடி மிடில்டனும் அமைதியானவள். அவளுடைய அமைதிக்குக் கீழே தோண்டினால் ஒன்றும் இல்லை, குழந்தைகள் வந்து சத்தம் போட்டால்தான் உயிர் வரும். அமைதியாக இருப்பவர் எல்லாம் நல்லவர் என்று ஆஸ்டின் சொல்லவே இல்லை என்பதற்கு இந்த மூவர் போதும்.

மறுபக்கம் பாருங்கள். மரியான் கொட்டுகிறாள், கொட்டுவது அத்தனையும் உண்மை. வில்லபியும் கொட்டுகிறான். அவளுக்குப் பிடித்த கவிஞர்கள் எல்லாம் அவனுக்கும் பிடிக்கிறது, அவள் வீட்டுச் சுவரில் ஒரு கல்லைக்கூட மாற்றக்கூடாது என்று உருகுகிறான். அந்த நேரத்துக்கு அதுவும் உண்மைதான் என்பது பிற்பாடு தெரியும். ஆனால் அவன் ஏற்கெனவே ஒரு சின்னப் பெண்ணைக் கைவிட்டு வந்தவன். திருமதி ஜென்னிங்ஸ் எல்லோரையும்விடச் சத்தம். கல்யாணக் கிண்டல், வம்பு, அடக்கமே கிடையாது. மரியானுக்கு அவரைக் கண்டால் ஆகாது. ஆனால் மரியான் உடைந்துபோனபோது, தன் காலஞ்சென்ற கணவருக்கு வயிற்று வாதத்துக்கு உதவிய பழைய கான்ஸ்டன்ஷியா வைனைத் தேடி எடுத்துவருவது அவர்தான். மரியான் அப்போதுதான் கண் அயர்ந்திருந்ததால் எலினோர் அதைத் தானே குடிக்கிறாள். உடைந்த மனத்துக்கு அது உதவுமா என்று தன் மீதே சோதித்துப் பார்க்கலாமே என்று நினைத்துக்கொள்கிறாள். அவளும் மனம் உடைந்தவள் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒரு கிளாஸ் வைனில் மூன்று பேருடைய குணம்.

பிராண்டன் எங்கே வருவார் என்று நீங்களே எழுதிப் பாருங்கள். ஃபிளானல் உள்சட்டை போடும் கிழவர் என்று மரியான் எட்டாம் அத்தியாயத்தில் சிரிக்கும் அந்த மனிதரின் பின்கதை (31ஆம் அத்தியாயம்) நாவலிலேயே மிகவும் கொந்தளிப்பானது: ஓடிப்போக முயன்ற காதல், பிடிபட்டது, கடைசியில் கடன்காரர் சிறையில் சாகக்கிடக்கும் நிலையில் அந்தக் காதலியைக் கண்டது. மரியான் படித்து உருகும் கதைகளில் வரவேண்டிய நாயகன் அவள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார், வாய் திறக்காமல்.

இந்தப் பட்டியலில் எட்வர்ட் கொஞ்சம் நழுவுவான். கூச்சமா, ரகசியத்தின் பாரமா, இயல்பான மந்தமா என்று கடைசிவரை எனக்கு முழுத் திருப்தி இல்லை. ஆஸ்டின் அவனுக்கு இன்னும் இரண்டு நல்ல காட்சிகள் கொடுத்திருக்கலாம்.

படி 6: ஜோடிக் காட்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்

ஒரே வகை அடி அக்காவுக்கும் விழும், தங்கைக்கும் விழும். ஆஸ்டின் திட்டமிட்டே இப்படிக் கட்டியிருக்கிறார். முதல் வாசிப்பில் ஓட்டமாகப் போய்விட்டு, பிறகு இந்த இடங்களுக்குத் திரும்பி வாருங்கள்.

முதலில் பிரிவு. வில்லபி சட்டென்று கிளம்பிப் போன இரவில் தூங்கியிருந்தால் தன்னையே மன்னித்திருக்க மாட்டாள் மரியான் (16ஆம் அத்தியாயம்). அவனுக்கு வாசித்த பாட்டுகளையே வாசிக்கிறாள், சேர்ந்து படித்த புத்தகங்களையே படிக்கிறாள், துயரத்துக்குத் தினமும் தீனி போடுகிறாள். எட்வர்ட் கிளம்பியபோது (19) எலினோர் படம் வரையும் மேசைக்குப் போய் உட்கார்ந்து நாள் முழுக்க வேலை செய்கிறாள். அவன் பெயரைத் தேடிப் போய்ப் பேசவும் இல்லை, தவிர்க்கவும் இல்லை. இதைப் பார்க்கிற மரியானின் தீர்ப்பு: அக்காவுக்குப் பாசம் ஆழமாக இல்லை, அதனால்தான் அடக்க முடிகிறது. ஆஸ்டின் அடுத்த பத்தியிலேயே எலினோரின் உள்ளுக்குள் நம்மைக் கூட்டிப்போகிறார். கை வேலை செய்தாலும் நினைவு முழுக்க எட்வர்ட்தான். மரியானுக்குத் தெரியாதது நமக்குத் தெரிகிறது. இந்த இடைவெளி இனி நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு நீளும்.

இரண்டாவது, செய்தி வரும் கணம். மரியானுக்கு அது கடிதமாக வருகிறது (29). ஜனவரிக் குளிர், விடியாத நேரம், ஜன்னல் திண்டில் முழங்காலிட்டு, கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தில் அழுதுகொண்டே எழுதுகிறாள். பிறகு வந்த பதிலைப் படித்து வேதனையில் கத்தாத குறை. எலினோருக்கு அது நேருக்கு நேர் வருகிறது (22). லூசி ரகசியம் காக்கச் சொல்லிவிட்டு, தானும் எட்வர்டும் நான்கு வருஷமாக நிச்சயம் ஆனவர்கள் என்கிறாள்; அவன் படத்தையும் கடிதத்தையும் காட்டுகிறாள், மோதிரத்தில் இருப்பது தன் முடி என்கிறாள். எலினோர் சத்தியத்தால் கட்டுண்டுவிட்டாள். தனியே அழுகிறாள், தனக்காக அழுததைவிட எட்வர்டின் கதிக்காக அழுததே அதிகம். இரண்டு மணி நேரம் கழித்து எல்லோரோடும் சாப்பாட்டு மேசையில் உட்காருகிறாள். பார்க்கிறவர்கள் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இந்த 23ஆம் அத்தியாயத் தொடக்கத்தை அவசரமாகப் படிக்கிறவர்கள்தான் எலினோரை உணர்ச்சியற்றவள் என்பார்கள்.

நடுவில் ஒரு காட்சி, ஜோடி இல்லாதது, ஆனால் தவறவிடக்கூடாதது. 34இல் எட்வர்டின் அம்மா எல்லோர் எதிரிலும் எலினோர் வரைந்த படத்தை ஒதுக்கிவிட்டு, மிஸ் மார்ட்டன் என்ற பணக்காரப் பெண்ணின் படத்தைப் புகழ்கிறாள். மரியானுக்குப் பொறுக்கவில்லை. யார் அந்த மிஸ் மார்ட்டன், இங்கே எலினோரைப் பற்றியல்லவா பேச்சு என்று வெடிக்கிறாள். பிறகு அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அவர்களுக்காக நீ வருத்தப்படாதே என்று சொல்லித் தானே அழுகிறாள். மரியாதைக் குறைவு, சங்கடம், எல்லாம்தான். ஆனால் அந்த அறையில் எலினோர் பக்கம் நின்ற ஒரே குரல் அதுதான். எல்லோரும் பொய்யாகப் பேசும் கூட்டங்களில் மரியான் மௌனமாக இருப்பாள், மரியாதைக்குச் சொல்லவேண்டிய பொய்கள் அத்தனையும் எலினோர் தலையில் விழும் என்று 21இல் ஒரு வரி வரும். அதையும் இதையும் சேர்த்துப் பார்த்தால் நேர்மைக்கு மதிப்பெண் யாருக்குப் போடுவது என்று தடுமாறுவீர்கள். தடுமாறவேண்டும்.

மூன்றாவது 37. எனக்கு நாவலின் நடுத்தூண் இதுதான். லூசியின் ரகசியம் நான்சியின் உளறலால் வெளியே வந்துவிடுகிறது. எலினோர் இப்போதுதான் தங்கையிடம் சொல்ல முடிகிறது. எவ்வளவு நாளாகத் தெரியும் என்று மரியான் கேட்கிறாள். நான்கு மாதம். தான் வில்லபிக்காக அழுது ஊரைக் கூட்டிக்கொண்டிருந்த நாள் எல்லாம் அக்கா இதைச் சுமந்துகொண்டு தனக்குத் தலை கோதிவிட்டாளா என்று அவளுக்கு உறைக்கிறது. உடனே தன் பழைய வாதத்துக்கே திரும்புகிறாள்: அப்படியானால் நீ பெரிதாக வருந்தியிருக்க மாட்டாய். அங்கேதான் எலினோர் முதன்முறையாக நீளமாகப் பேசுகிறாள். எனக்கு உணர்ச்சியே இல்லை என்று நினைக்கிறாயா என்று தொடங்கி, லூசியின் வெற்றிப் பேச்சை மறுபடி மறுபடி கேட்டது, எட்வர்டின் அம்மாவும் அக்காவும் செய்த அவமானம், ஒருவரிடமும் சொல்ல முடியாமல் தனியே போராடியது என்று எல்லாம் வரும். அந்தப் பகுதியை வாய்விட்டுப் படியுங்கள். அடக்கி வைத்தவர்கள் பேசத் தொடங்கினால் வாக்கியங்கள் எப்படி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும் என்பது காதுக்குக் கேட்கும்.

அதன்பின் ஒரு சின்ன விஷயம், பலர் கண்ணில் படாமல் போவது. இனி இதைப் பற்றி யாரிடமும் கசப்பாகப் பேசமாட்டேன் என்று மரியான் வாக்குக் கொடுக்கிறாள். திருமதி ஜென்னிங்ஸ் எட்வர்டின் காதலைப் பற்றிப் பேசும்போது தொண்டையில் ஒரு இழுப்பு மட்டும், வேறு சத்தமில்லை. தங்கை அக்காவாக மாறத் தொடங்கிவிட்டாள்.

அக்கா தங்கையாக மாறும் இடம் 48. லூசி கட்டிக்கொண்டது தம்பி ராபர்ட்டை என்று எட்வர்ட் வந்து சொன்னதும் எலினோர் அறையைவிட்டு ஓடாத குறையாக வெளியேறுகிறாள்; கதவு மூடியதும் ஆனந்தத்தில் அழுகிறாள், அழுகை நிற்கவே இல்லை. நாவல் முழுக்க அவள் கட்டிக் காத்த அணை அது. எட்வர்டோ என்ன செய்வதென்று தெரியாமல் கத்தரிக்கோலை எடுத்து அதன் உறையையே துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருப்பான்.

படி 7: படம் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு

ராஜீவ் மேனனின் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ (2000) இந்த நாவலைத் தழுவியது. தபு எலினோர், ஐஸ்வர்யா ராய் மரியான், மம்மூட்டி பிராண்டன், அப்பாஸ் வில்லபி, அஜித் எட்வர்ட் என்று பொருத்திக்கொள்ளலாம். வீடு கைவிட்டுப் போகும் வலி அதில் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் லூசியின் நான்காண்டு ரகசிய நிச்சயம் அதில் கிடையாது. ஆகவே எலினோரின் நான்கு மாத மௌனமும் கிடையாது. அந்த மௌனம் இல்லாத எலினோர் பாதி எலினோர்தான். 1995இல் ஆங் லீ இயக்கிய ஆங்கிலப் படத்தில் லூசி உண்டு. ஆனால் எம்மா தாம்சன் அப்போது முப்பதுகளின் நடுவில் இருந்தார். 19 வயது என்பதை மறுபடி ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். வில்லபி இரவுப் பயணியாக வந்து மன்னிப்புக் கேட்கும் காட்சியும் அந்தப் படத்தில் இல்லை.

படி 8: 44ஆம் அத்தியாயத்தில் உங்களையே கவனியுங்கள்

சாமர்செட்டில் கிளீவ்லண்ட் மாளிகை. ஈரப் புல்லில் அலைந்து காய்ச்சல் கண்ட மரியான் பிழைப்பாளா என்று ஆகிவிட்டது. பிராண்டன் அவள் அம்மாவை அழைத்துவர டெவன்ஷயருக்குப் போயிருக்கிறார். இரவு எட்டு மணிக்கு வண்டிச் சத்தம். அம்மா வந்துவிட்டாள் என்று ஓடிவரும் எலினோர் எதிரில் வில்லபி. அவன் பேசுவது பத்துப் பக்கத்துக்கு மேல். பாதி சுயபச்சாதாபம், பாதி உண்மையான வேதனை. அவன் செய்த எதையும் எலினோர் மறக்கவில்லை. ஆனாலும் அவன் போனபிறகு அவன் மேல் ஓர் இரக்கம், நியாயமே இல்லாத ஒரு சாய்வு, அவளுக்குள் தங்கிவிடுகிறது. அவன் அழகும் பேச்சும் வேலை செய்கின்றன என்று அவளுக்கே தெரிகிறது. அறிவின் உருவம் என்று நாம் வைத்திருந்தவள் தடுமாறுகிறாள். நீங்களும் கொஞ்சம் தடுமாறினால் சரியான வேகத்தில் படித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

படி 9: கடைசி அத்தியாயத்தோடு சண்டை போடலாம்

50ஆம் அத்தியாயத்தில் மரியான் தன் 19ஆம் வயதில் பிராண்டனை மணக்கிறாள். அதே ஃபிளானல் உள்சட்டை இங்கே மறுபடி வந்து நம்மைக் குத்தும். வில்லபி மனமுடைந்து செத்துவிடவில்லை; குதிரை, நாய், வேட்டை என்று ஓரளவு நன்றாகவே வாழ்ந்தான் என்று ஆஸ்டின் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறார். பல வாசகர்களுக்கு மரியானின் கல்யாணம் பிடிப்பதில்லை, எல்லோரும் சேர்ந்து அவளைப் பிராண்டனுக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டார்கள் என்று தோன்றும். அந்த எரிச்சலுக்கு நாவலிலேயே ஆதாரம் உண்டு. பென்சிலை எடுத்துக்கொண்டு, பிராண்டனும் மரியானும் ஒருவரோடு ஒருவர் நேரடியாகப் பேசும் வசனங்களைத் தேடிக் கோடு போடுங்கள். அநேகமாக ஒன்றும் அகப்படாது. பிராண்டன் எலினோரிடம் பேசுகிறார், மரியானைப் பற்றி. அதையே எலினோருக்கும் எட்வர்டுக்கும் செய்து பாருங்கள். அங்கேயும் கோடு அதிகம் விழாது. பிறகு எலினோரும் மரியானும் பேசும் இடங்களுக்குக் கோடு போடத் தொடங்குங்கள். பென்சிலைச் சீவிவைத்துக்கொள்வது நல்லது.